மஞ்சள் சீட்டு ஒட்டிய எம்.எஸ்ஸி. இடம்

நடந்தவை, வரிசைப்படி:

1. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த கோடையில், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. சேர்க்கைக் குறிப்பைப் படித்தேன். தகுதி என்ற தலைப்பின் முதல் வரியில் கணிதம் கேட்டிருந்தார்கள். என்னிடம் கணிதம் இல்லை. மூடிவிட்டேன்.
2. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்டுக்கு ரெசின் என்னும் பிசின் காய்ச்சும் ஒரு கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன்.
3. அடுத்த கோடையில் அதே குறிப்பைத் திறந்தேன். அதே வரி. அதே இடத்தில் மூடினேன்.
4. இந்தக் கோடையில், கொழுப்பு அமிலம் ஏற்றிவந்த ஒரு டேங்கர் லாரியை இறக்க விடாமல் நிறுத்திவைத்தேன். அதனால் ஒரு சண்டை வந்தது.
5. அந்தச் சண்டையின் முடிவில் என் தோழி அந்தக் குறிப்பைத் தன் கையில் எடுத்துப் படித்தாள்.
6. விண்ணப்பித்தேன். நுழைவுத் தேர்வு எழுதினேன். நேர்முகத்துக்கு அழைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அறிவியல் படிக்கிற பெண் என்றால் நர்ஸ். அப்பா ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு முந்தைய தலைமுறை முழுக்க நாற்று நட்டவர்கள். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்று கேட்டபோது, நர்சிங்குக்கு எது வேண்டுமோ அது என்று வீட்டில் முடிவானது. தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல். கணிதம் அங்கேயே கழன்றுவிட்டது. பிறகு நர்சிங் கிடைக்காமல், கிடைத்த வேதியியலில் சேர்ந்து, அது பிடித்தும் போனது. ஆனால் கல்லூரியில் எனக்குக் கொடுத்த துணைப்பாடங்கள் இயற்பியலும் விலங்கியலும். தவளையின் இதயம் எனக்கு நன்றாகத் தெரியும். தொகையிடல் தெரியாது.

எம்.எஸ்ஸி. ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபுக்கு அடுத்தது, கண்ணாடிக் கதவு போட்ட டெவலப்மென்ட் அறை. ரெசின் ஏன் மஞ்சளாகிறது, ஏன் சில நாள் சீக்கிரம் இறுகுகிறது என்று பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கெட்டில் என்கிற பெரிய கொப்பரையில் ரெசின் கொதிக்கும்போது மணிக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து, அதில் எவ்வளவு அமிலம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. அந்த அளவு முதலில் மளமளவென்று இறங்கும். பிறகு நகரவே நகராது. இந்த அளவுகளை நான் சும்மா ஒரு தாளில் கோடாக வரைந்துவைப்பேன். எல்லா நாளும் அதே வளைவு. ஏன் அப்படி வளைகிறது என்று கேட்டால், "நீ ரீடிங் குடும்மா, போதும்" என்பார் ஷிஃப்ட் இன்சார்ஜ். அவர் மேல் தப்பில்லை. லேபின் வேலை, தேறியதா தேறவில்லையா என்று சொல்வது. ஏன் என்பது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் உட்கார எம்.எஸ்ஸி. வேண்டும்.

இனி அந்த டேங்கர்.

மூலப்பொருள் வந்தால் லேபில் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிறம், பிறகு ஈரம், கடைசியில் அமில அளவு. செலவில்லாத சோதனை முன்னால் வரும். முதல் சோதனையிலேயே விழுந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தைச் செய்து சோதனை மருந்தை வீணாக்கக் கூடாது. இது சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கப்படுவது, கைக்குப் பழகியும் போவது. அன்றைக்கு வந்த கொழுப்பு அமிலம், ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணாடித் துண்டைவிட ஒரு படி கருப்பாக இருந்தது. நிறுத்தினேன். சரக்கு தேறவில்லை என்று சிவப்புச் சீட்டு எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பர்ச்சேஸில் இருக்கிற அண்ணன் வந்துவிட்டார். சரக்கு வாங்குவது அவர் வேலை, திருப்பி அனுப்புவது என் வேலை என்பதால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.

"இன்னாமா, மறுபடியும் செவப்பா? ஒரு ஷேடுதானே. கண்ண மூடிக்கினு பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

"கண்ண மூடிக்கினு பாக்கறதுக்கு லேப் எதுக்குண்ணே?"

அவருக்குப் பின்னால் டிரைவர் நின்றிருந்தார். ஆந்திராக்காரர். தோளில் துண்டு, கையில் வெங்காயம். லாரி நிழலில் சமையலைத் தொடங்கிவிட்டு, பாதியில் எழுந்து வந்திருக்கிறார்.

"மேடம், எளாவூரு செக்போஸ்ட்ல பாதி நாளு பூடுச்சு. மீதி நாளு உங்க கேட்ல. நான் ஊருக்குப் போறதா, இங்கயே ரேஷன் கார்டு வாங்கிடறதா?"

"ரெண்டாவது ஆளு பாக்கணும்ணா. கொஞ்சம் இருங்க. நீங்க சாப்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிடுவோம்."

ஒருவர் தள்ளிய சரக்கை உடனே திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் எங்கள் விதி. புது சாம்பிள் எடுத்து, வேறொருவர் சோதிக்க வேண்டும். முதல் ஆள் என்ன கண்டார் என்று அவருக்குச் சொல்லக் கூடாது. அவர் எங்கே விழுந்தாலும் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் போக வேண்டும். அந்த இரண்டாவது ஆள் என் தோழி. என் வயதுதான், ஊத்துக்கோட்டையிலிருந்து வருகிறவள். முதல் பஸ்ஸில் ஏறினால்தான் இங்கே நேரத்துக்கு வர முடியும் என்பதால் காலையில் அவள் யாரிடமும் பேச மாட்டாள். மதியத்துக்கு மேல் அதற்கும் சேர்த்துப் பேசுவாள்.

அவள் செய்து முடித்தாள். நிறம் அவளுக்கும் ஒரு படி கூடத்தான். ஈரம் சரி. அமில அளவு மிகச் சரி. லேப் தலைமை சார் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, டீவியேஷன் போடலாம் என்றார். ஒரு குறை இருக்கிறது, ஆனால் அந்தக் குறை பாதிக்காத இடம் ஒன்றும் இருக்கிறது என்றால், நிபந்தனை எழுதிச் சரக்கை ஏற்றுக்கொள்வதற்கு அந்தப் பெயர். இந்தச் சரக்கு பெயிண்டுக்கு அடியில் பூசும் செங்காவி பிரைமருக்குப் போகிற ரெசினுக்கு மட்டும், வெள்ளை பெயிண்டுக்குப் போகும் எதிலும் சேரக் கூடாது, தனித் தொட்டி, தொட்டியில் மஞ்சள் சீட்டு. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மஞ்சள். நான் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

டிரைவர் கும்பிட்டுவிட்டு ஓடினார். பர்ச்சேஸ் அண்ணன் போகவில்லை. ஜெயித்த நாளில் அவர் உடனே போக மாட்டார்.

"பாத்தியா? நீ தொரத்தின சரக்குதான் உள்ள போவுது. உன்னாண்ட ஒரு லைன் தப்பா இருந்தா போதும், ஆளையே கடாசிடுவ. நாளைக்கி உனுக்கு மாப்ள பாக்க வர்றவன் இப்டி டெஸ்ட் பண்ணான்னா தெரியும்."

அவருக்குப் பதிலை என் தோழி சொன்னாள்.

"மாப்ள கெடக்கட்டும்ணே. இவ காலேஜ் சீட்டயே இப்டித்தான் வுட்டா. யாரும் வேணான்னு சொல்லல. இவளே இவள ரிஜெக்ட் பண்ணிக்கினா. ரெண்டு தபா."

"இன்னா லைன்ல பெயிலு?"

"கணக்கு இல்லியாம்."

"ரீடெஸ்ட் பண்ணியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அண்ணன்.

கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியானதுதான். ஒரு டேங்கருக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று வாதாடுகிறவள், தன் விஷயத்தில் முதல் வரியோடு நிறுத்தியிருந்தேன். இரண்டு கோடையிலும் நானேதான் படித்தேன். இரண்டு கோடையிலும் விழுந்த இடத்தில் நிறுத்தினேன். கீழே என்ன எழுதியிருந்தது என்று எனக்கு உண்மையில் தெரியாது.

டீ இடைவேளையில் என் தோழி போனை எடுத்து அந்தக் குறிப்பைத் தேடித் திறந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"ந்தா, தள்ளிக் குந்து. மொத ஆளு கிட்ட வரக்கூடாது."

"அந்த லைனு எனுக்கு மனப்பாடம்டி."

"அதான் தள்ளிக் குந்துன்றேன். உன் ரீடிங்க எனுக்குச் சொல்லாத."

கேன்டீனில் எங்கள் மேஜைக்கு எதிரே அண்ணனும் வந்து உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு ஆங்கிலம் நிதானமாகத்தான் வரும். ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்தாள். நடுவில் வடையைக் கடித்தாள். வேதியியல் முதன்மைப் பாடம், சரி. கணிதமும் இயற்பியலும் துணைப்பாடம், கணிதம் இல்லை. அவள் அங்கே நிற்கவில்லை. மதிப்பெண் விழுக்காடு, சரி. இட ஒதுக்கீடு, சான்றிதழ்கள், கடைசித் தேதி என்று போய்க்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஏய். இங்க இன்னாமோ இருக்கு."

கணிதத்தைத் துணைப்பாடமாகப் படிக்காதவர்களை, நுழைவுத் தேர்வில் தேறினால், துறைக் குழு நேர்முகத்தில் பரிசீலிக்கலாம். சேர்த்துக்கொண்டால் முதல் பருவத்திலேயே கணித இணைப்புப் பாடத்தில் தேற வேண்டும். பக்கத்தின் அடியில், மற்ற வரிகளைப் போன்ற அதே எழுத்தில் இருந்தது. யாரும் ஒளித்துவைக்கவில்லை.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "டீவியேஷன்மா. உனுக்கும் போட்டு வச்சிருக்கானுங்க. ரெண்டு வருசமா செவப்புச் சீட்டு ஒட்டிக்கினு சுத்தியிருக்க."

சிரித்துவிட்டேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. அதை வெளியில் காட்டாமல் இன்னொரு டீ வாங்கினேன்.

பழைய புத்தகக் கடையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்கள் வாங்கினேன். கம்பெனி பஸ்ஸில் போகவர ஒவ்வொரு பாடமாகப் போட்டேன். வகையிடல் வரைக்கும் வந்தது. நுழைவுத் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் வேதியியல். தேறினேன். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது புத்தகத்தில் தொகையிடல் பாடம் திறக்காமல் இருந்தது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அவரிடம் வேலையை விட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். இது முழுநேரப் படிப்பு. அவர் மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப பாக்கற வேலைக்கு இன்னா கொறச்சல்? ஏசி ரூமு. நெருப்பாண்டயா நிக்கற?"

"கொறச்சல் இல்ல நைனா. தெரியல, அதான். தெனம் அளக்கறேன், ஏன் அப்டி ஆவுதுன்னு தெரியல."

அவர் யோசித்தார். "தெரிஞ்சிக்கினு திரும்ப அங்கயேதான் போவப்போறியா?"

"பக்கத்து ரூமுக்கு."

"பக்கத்து ரூமுக்குப் போறதுக்கு மெட்ராசு சுத்திக்கினு போவணுமா," என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "அவ போவட்டும்யா, உன் மில்லுல கூட சூப்பர்வைசரு ரூமு பக்கத்துலதான் இருக்குது, நீ போயிட்டியா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் துறைத் தலைவர் அம்மா. ஒரு பக்கம் இயற்பிய வேதியியல் நடத்தும் சார். இன்னொரு பக்கம் ஒருவர், என் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டு கடைசி வரை எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இயற்பிய வேதியியல் சார்தான்.

"மேத்ஸ் இல்ல. பிளஸ் டூலயும் இல்ல."

"இல்ல சார்."

"குவாண்டம் எப்படிப் படிப்பீங்க?"

"இப்ப தெரியாது சார்."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. என் வேலை பற்றிக் கேட்டார். கெட்டிலில் அமிலம் இறங்குவதைச் சொன்னேன். பலகையில் வரையச் சொன்னார். அந்த வளைவை எத்தனை தரம் வரைந்திருப்பேன், கை தானாகப் போட்டது.

"ஏன் வளையுது?"

"அமிலம் குறையக் குறைய வினையோட வேகமும் குறையுது சார்."

"அதைச் சமன்பாடா எழுதுங்க."

எழுதினேன். வேகத்துக்கான சமன்பாடு. அதன் கீழே, நேரத்தையும் மிச்சமிருக்கும் அமிலத்தையும் இணைக்கும் கடைசிச் சூத்திரம். பி.எஸ்ஸி.யில் எல்லோரும் எழுதுவதுதான்.

"மேல இருக்கறதுல இருந்து கீழ இருக்கறதுக்கு எப்படி வந்தீங்க?"

இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் பலகை காலியாக இருந்தது. கல்லூரியில் அந்த இடத்தை மனப்பாடம் செய்து தாண்டிவிடுவேன். அன்றைக்கும் மனப்பாடமாக ஒரு வரியை அங்கே எழுதியிருக்கலாம். அடுத்த கேள்வியில் அது நிற்காது. லேபில் அளக்காத எண்ணை எழுதிப் பழக்கமும் இல்லை.

"வரல சார். நடுவுல தொகையிடல் இருக்கு. எனக்கு அது தெரியாது. வகையிடல் வரைக்கும் நானே போட்டிருக்கேன்."

"தெரியாமயா இவ்வளவு நாள் இந்தச் சூத்திரத்தை யூஸ் பண்ணீங்க?"

"ஆமா சார். அந்த நடுவுல இருக்கறதுக்காகத்தான் வந்திருக்கேன்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க கம்பெனியில ஃபெயிலான சரக்கை நீங்க எப்பவாவது எடுத்திருக்கீங்களாம்மா?"

"எடுத்திருக்கோம் மேடம். எதுல விழுந்துதுன்னு சரியாத் தெரியணும். அதை எங்க, எப்படிச் சரிபண்றதுன்னும் எழுதணும். அப்பதான்."

"சரி. வெளியில வெயிட் பண்ணுங்க."

தாழ்வாரத்தில் சிமெண்ட் பெஞ்சு. என்னைப் போலப் பத்துப் பதினைந்து பேர். பழக்கத்தில் மனதுக்குள் பட்டியல் போட்டேன். கிடைக்காவிட்டால்: அடுத்த நாள் காலை ஷிஃப்ட், தோழிக்கு முதலில் சொல்வது, அண்ணனுக்குச் சொல்லாமலிருப்பது, கணிதப் புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்த வருடம் வருவது. இந்த முறை சிவப்பு என்றால் அது என் கையால் ஒட்டியது இல்லை. அந்த நினைப்பு கொஞ்சம் உதவியது. கொஞ்சம்தான்.

அலுவலக உதவியாளர் அம்மா வெளியே வந்து பெயர்களை வாசித்தார். என் பெயர் இல்லை. தாளை மடித்தார். எழுந்தவர்கள் உள்ளே போனார்கள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பையின் ஜிப்பை மூடினேன், திறந்தேன், மூடினேன். அப்புறம் அவர் திரும்பவும் வந்து, இன்னொரு தாளிலிருந்து இரண்டு பெயர்கள் வாசித்தார். இரண்டாவது என்னுடையது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்: "உனக்குக் கண்டிஷனல்தாம்மா. முதல் செமஸ்டர்ல மேத்ஸ் கிளியர் பண்ணணும். இல்லன்னா அட்மிஷன் நிக்காது. பரவாயில்லையா?"

அந்த வார்த்தையை அவர் ஒரு குறையாகச் சொன்னார். எனக்கு அது தினமும் எழுதுகிற வார்த்தை. "பரவாயில்ல மேடம்" என்றேன். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் பசித்தது. காலையில் நாஷ்டா இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து, அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தேன். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் முழுக்கத் தின்றுவிட்டேன். ஊறுகாய் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட வழித்தேன். பிறகு நைனாவுக்குப் போன் செய்தேன். மில் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாது? சத்தமா சொல்லு!"

"கெடச்சிடுச்சு நைனா! கண்டிஷன்ல!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"கண்டிசனா? இன்னா கண்டிசன்? கையெழுத்து கிய்யெழுத்து போட்டுட்டியா?"

"கணக்குல பாஸ் பண்ணணும். அவ்ளோதான்."

"அடச்சே, அவ்ளோதானா. கண்டிசன்னதும் பேஜாராயிட்டேன்." பக்கத்தில் யாரிடமோ, "எம்.எஸ்ஸி.பா. கணக்கு மட்டும் பாக்கி" என்று சொல்வது கேட்டது.

எதிர் இருக்கையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா, "எந்தூரு காலேஜிம்மா?" என்று கேட்டார். சொன்னேன். அத்திப்பட்டில் இறங்கும்போது, "கணக்குக்கு டியூசன் வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் லேபில் என் மேஜை மேல் இருந்த சாப்பாட்டுப் பையில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. தொட்டிகளில் ஒட்டுகிற அதே சீட்டு. பொருள் என்ற இடத்தில் என் பெயர். குறை என்ற இடத்தில் கணக்கு. நிபந்தனை என்ற இடத்தில் ‘தனியாக வைக்கவும், சீண்டக் கூடாது’. சோதித்தவர் என்ற இடத்தில் தோழியின் கையெழுத்து. ஒப்புதல் என்ற இடத்தில், லேபுக்குள் கையெழுத்துப் போட எந்த உரிமையும் இல்லாத பர்ச்சேஸ் அண்ணன் போட்டிருந்தார்.

"உன்ன எடுத்துட்டாங்கன்ன ஒடனே எங்க சரக்க மறந்துடாத," என்றார். "நீ போற வரைக்குமாவது கொஞ்சம் பச்சயா ஒட்டு."

"சரக்கு பச்சையா வந்தா ஒட்டறேன்ணே."

"திருந்தவே மாட்ட," என்று போய்விட்டார்.

இப்போதைய நிலை இது. எம்.எஸ்ஸி. வேதியியலில் எனக்கு இடம் இருக்கிறது. கட்டணம் கட்டியாயிற்று. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாத முடிவு வரை ஷிஃப்டுக்குப் போகிறேன். கடைசிப் பருவத்து ஆய்வுப்பணியைக் கண்ணாடிக் கதவுக்குள் செய்யலாம் என்று அங்கிருக்கும் சார் வாயால் சொல்லியிருக்கிறார், எழுத்தில் இல்லை. கணித இணைப்புப் பாடத்தின் தேர்வு முதல் பருவ முடிவில். அதில் தேறாவிட்டால் இடம் போய்விடும். தொகையிடலில் முதல் பயிற்சி முடிந்துவிட்டது. இரண்டாவதில் பாதிக் கணக்குகள் வருகின்றன.